தலைவர் மதன் வேஷம் கட்டிய மாசி

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டாள். பேரன் இராணுவத்தில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம், என்ன சொல்வது என்று. அடேயப்பா, அன்றைக்கு உங்களுக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! மற்ற நாளெல்லாம் முழங்கால் வலி, சர்க்கரை, கண்ணில் படலம் என்று புலம்புகிற ஆட்கள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினீர்கள். ஒருத்தர் அனுப்பாதே என்றார். ஒருத்தர் பென்சன் வரும் என்றார். வத்தளையில் இருக்கிறவர் கும்பிடு போடுகிற படம் ஒன்றை அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை என்று ஒருத்தி தனியாகக் கூப்பிட்டு, "என்னாடி, ஒனக்குக் கருத்தே இல்லையா?" என்று கேட்டாள்.

கருத்து இருக்கிறது. நாலு வரியில் எழுத முடியாது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஒரு மாசி மாதம் முழுக்க இதே கேள்விதான் ரொட்டிக்கும் சம்பலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. உங்களில் பாதிப் பேர் அன்றைக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காமன் கூத்துப் பார்க்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். பார்த்தீர்கள், ஆனால் முழுசாகப் பார்க்கவில்லை. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

பொகவந்தலாவைக்கு மேலே நம் தோட்டத்தில், ஆற்றைப் பார்த்த கடைசி லய வரிசையில் எங்கள் ஒற்றையறைக் காம்பரா இருந்தது. அப்பா, அம்மா, நான், மாமா என்று நாலு பேர். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அம்மா கல்யாணமாகி வரும்போது கூடவே வந்துவிட்டார். "ஒங்கம்மா கொண்டு வந்த சீதனம் ஒரு தகரப் பெட்டியும் இந்தப் பயலும்தான். பெட்டி துருப்பிடிச்சிருச்சு, பயல் மட்டும் நல்லா வளந்துட்டான்" என்று அப்பா கேலி செய்வார். அப்பா சொன்னால் மாமாவுக்கு வேதவாக்கு. எதிர்த்துப் பேசுவார், முறைப்பார், கடைசியில் அப்பா சொன்னதைத்தான் செய்வார்.

அப்பாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் பங்களா வாசலில் நின்றுகொண்டு குரலை ஏற்றிப் பேசுகிற ஒரே ஆள். அந்த மீசையும் தொப்பையும், இருமினால் அடுத்த லயத்துக்குக் கேட்கும் அந்தத் தொண்டையும்! எனக்கு அவரிடம் பயம் கிடையாது, ஆனால் வியப்பு உண்டு. தோட்டமே தேர் இழுக்கும்போது அவர் மட்டும் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். திருநீறு பூச மாட்டார். காமன் கூத்து நாட்களில் தப்பு மேளச் சத்தம் தாங்காமல் காதுக்கு மேலே கம்பளியை இழுத்துக்கொண்டு, "சிவன் எரிச்சாரா, மதன் எரிஞ்சானான்னு வருசா வருசம் விடிய விடியப் பாடுறானுங்க. எரிஞ்சது நம்ம வயிறுதான்" என்பார். அம்மா உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

மாமா அதற்கு நேர் எதிர். கூத்தில் மதன் அவர்தான். சிவப்பாக, ஒல்லியாக, கண்ணில் மை வைத்தால் அத்தனை அழகு. உங்களில் ஒருத்தி மாமாவைப் பார்ப்பதற்காகவே எங்கள் வீட்டுக்கு உப்புக் கடன் கேட்டு வருவாள். யார் என்று சொல்ல மாட்டேன், அவளுக்கு இப்போது மருமகன் எடுத்தாயிற்று.

மாமாவுக்கு ஒரு உயிர்ச் சிநேகிதன். கீழே ஆற்றோரச் சிங்களக் கிராமத்தில் பேக்கரி வைத்திருந்த பாண்காரரின் மகன். விடிகாலையில் சைக்கிளில் பெட்டி வைத்துப் பாண் கொண்டு வருவான். அந்தப் பெட்டியைத் திறக்கும்போது வருகிற சூடான மணம் இருக்கிறதே, பனியில் நின்று மூக்கால் சாப்பிட்டோம் நாமெல்லாம். மாமாவுக்குச் சிங்களம் சொல்லித் தந்தவன் அவன். அவனுக்குத் தமிழ் சொல்லித் தந்தவர் மாமா. அதனால் இரண்டு பேருக்குமே நல்ல பேச்சைவிடக் கெட்ட வார்த்தைதான் சரளமாக வந்தது.

ஒருநாள் இருவரும் டவுனுக்குப் படம் பார்க்கப் போனார்கள். அந்தக் காலம் உங்களுக்குத் தெரியும். வடக்கில் சண்டை நடந்தது, இங்கே வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்ப்பார்கள். பாண்காரர் மகனைப் பார்த்துப் போ என்று கைகாட்டிவிட்டார்கள். மாமாவின் பெயரைப் படித்துவிட்டு ரோட்டோரம் உட்காரச் சொன்னார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், அவ்வளவுதான். வெயில் ஏறி, இறங்கி, மழையும் வந்து போனது. பாண்காரர் மகன் தோட்டத்துக்கு ஓடி வந்து அப்பாவைக் கூட்டிப்போன பிறகுதான் விட்டார்கள். மாமா வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையோடு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தார். அம்மா வைத்த தேத்தண்ணி ஆறியே போய்விட்டது.

அதற்குப் பிறகு பாண்காரர் மகன் இராணுவத்தில் சேர்ந்தான். பேக்கரியில் வருமானம் இல்லை, வீட்டில் தங்கைகள். தை மாதம் லீவில் வந்தபோது எங்கள் காம்பராவுக்கும் வந்தான். வாசலில் குந்தி, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, "அக்கே, ரொட்டி இருக்கா?" என்று அம்மாவிடம் பழைய மாதிரியே கேட்டான். உள்ளே அவர்கள் பேச, நான் வாசலில் அந்தப் பூட்ஸின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். வெறும் காலில் பள்ளிக்கூடம் போன பிள்ளை நான். துரையின் சப்பாத்தைத் தூரத்தில் பார்த்ததுண்டு. இப்படிப் பக்கத்தில், என் முழங்கால் உயரத்துக்கு, கறுப்பாக, முகம் தெரிகிற பளபளப்போடு நான் பார்த்ததே இல்லை. யாரும் கவனிக்காத நேரம் கையை உள்ளே விட்டேன். கதகதப்பாக இருந்தது. ஒரு மனுசனின் காலை இத்தனை பத்திரமாக வைத்துக்கொள்ள ஒரு பொருள் இருக்கிறதா என்று எனக்கு மூச்சே நின்றது. தலையைத் தூக்கினால், நிலையில் சாய்ந்தபடி மாமாவும் அதே பூட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் ஹட்டன் மைதானத்தில் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று பாண்காரர் மகன் சொல்லிவிட்டுப் போனான். அன்று மாலை சாப்பிடும்போது மாமா ஆரம்பித்தார்.

"மச்சான், நான் ஆமியில சேரலாம்னு இருக்கேன்."

ரொட்டியைப் பிய்த்த அப்பாவின் கை அப்படியே நின்றது. "எதுக்கு?"

"அந்தப் பக்கம் நிக்கிறவன்கிட்ட யாரும் வந்து, நீ யாரு, எந்தத் தோட்டம்னு கேக்கமாட்டாங்கல்ல."

"கேக்கமாட்டாங்க. நீதான் கேப்ப. வடக்குல போயி, நம்ம பாஷை பேசுற ஒரு ஆத்தாகிட்ட, பைய அவுத்துக் காட்டுன்னு நீ கேப்ப. கேக்க முடியுமா ஒன்னால?"

"நான் மரியாதையா கேப்பேன் மச்சான். பாஷை தெரிஞ்ச ஒருத்தன் அந்த எடத்துல நின்னா அந்த ஆத்தாவுக்கு நல்லதுதான?"

"சுடச் சொன்னா?"

அம்மா சட்டியைத் தரையில் வைத்த வேகத்தில் சம்பல் சிதறியது. "ஒன்னையப் பொட்டியில போட்டு ஆணி அடிச்சு அனுப்புவாங்கடா. மொகத்தக்கூட எனக்குக் காட்டமாட்டாங்க. அதுக்கா ஒன்னைய இடுப்புல தூக்கி வளத்தேன்?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அப்பா சாப்பிடாமல் எழுந்து கை கழுவினார். "போகக் கூடாது மாப்ள. நான் இருக்கிறவரைக்கும் கூடாது" என்றார்.

அப்படி முடிந்திருந்தால் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

மாசி பிறந்து, அமாவாசை கழிந்து, பொட்டலில் கம்பம் நட்டார்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். தவத்தில் இருக்கிற சிவன் மேல் மதன் கரும்பு வில்லால் பூ அம்பு விடுவான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார். மதன் எரிந்து விழுவான், ரதி அழுவாள். மூன்றாம் நாள் மதனை எழுப்புவார்கள். தோட்டத்துக்கு மழை தண்ணி, நோய் நொடி எல்லாமே இதில்தான் இருக்கிறது என்று நம் ஆட்கள் நம்பினார்கள். அதனால் மதன் வேஷம் கட்டுகிறவருக்குக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் அவர் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது, கவுச்சி கூடாது, வீட்டில் படுக்கக் கூடாது. எரிந்து விழுந்த பிறகு, மூன்றாம் நாள் எழுப்புகிற வரைக்கும் வாய் திறக்கவும் கூடாது. செத்தவன் பேசுவானா? போன வருஷம் மாமா சைகையிலேயே தேத்தண்ணி கேட்டு, நான் வேண்டுமென்றே தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்து, கண்ணாலேயே அவர் என்னைத் திட்டியதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

அந்த வருஷமும் மாமாவுக்குத்தான் காப்பு. கட்டிய இரண்டொரு நாளில் பாண்காரர் மேலே வந்து, மகன் சொல்லி அனுப்பினான் என்று ஆள் எடுக்கிற நாளைச் சொன்னார். காப்புக் காலத்துக்கு நட்ட நடுவில் விழுந்தது அந்த நாள். எல்லை தாண்ட முடியாது. ஹட்டனுக்குப் போக முடியாது.

அம்மாவுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா, நம்ம வாயால சொல்லிக் கேக்கல. சாமியே கட்டிப் போட்டுருச்சு" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தாள். எல்லோருக்கும் நிம்மதி. பெண்கள் மாமாவைப் பார்த்து, "எங்கப்பா ஓடப்போற இனிமே?" என்று கேலி செய்தார்கள். மாமா சிரித்தார். ஆனால் பொட்டலில் பாட்டுப் பயிற்சியில் அவர் குரல் எழும்பவே இல்லை. கூத்து வாத்தியார், அதுதான் நம் ஃபேக்டரி ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிக்கிற அந்தக் கிழவர், தாளத்தை நிறுத்தி நிறுத்தித் திட்டினார். மாமா கயிறு கட்டிய கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்பா வேலை முடிந்து பொட்டல் ஓரமாக வரும்போது ஒருகணம் நின்று அதைப் பார்ப்பார்.

ஆள் எடுக்கிற நாளுக்கு முந்தின மாலை. வெளிச்சம் இன்னும் இருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையோடு பொட்டலைச் சுற்றி நின்றார்கள். அப்பா நேராக நடுவில் போனார். பொட்டலுக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வாத்தியாரே, கட்டின காப்ப அவுக்க வழி இருக்கா?"

தப்பு நின்றுவிட்டது. வாத்தியார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இன்னொருத்தன் முன்ன வந்து அந்தக் கையிலேருந்து தன் கைக்கு வாங்கிக்கிட்டா அவுக்கலாம். ஆனா எவன் வருவான் தலைவரே, இத்தன நாள் விரதம் இல்லாம?"

"நான் வாங்கிக்கிறேன்."

கொல்லென்று சிரித்தார்கள் எல்லோரும். நீங்களும்தான். அந்தத் தொப்பைக்கு மதன் வேஷமா? ரதி வேஷம் கட்டுகிற ஆள், ஃபேக்டரியில் தேயிலை அரிக்கிறவர், "ஐயோ, எனக்கு இப்பிடி ஒரு புருசனா?" என்று தலையில் கை வைத்தார். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் அப்பா அப்படியே நின்றார்.

"தலைவரே, நீங்க சாமியே இல்லைங்கிற ஆளு" என்றார் வாத்தியார்.

"கயிறு கட்டக் கை இருந்தா போதும்ல. கூடாதுன்னு நீங்க சொல்றது எதையும் செய்ய மாட்டேன். வேற என்னா வேணும்?"

அம்மா கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "ஒங்களுக்குப் புத்தி பெரண்டுருச்சா? அவன் போகக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதான?"

"இப்பவும் அதத்தான் சொல்றேன்" என்றார் அப்பா. அவருடைய மேடைக் குரல் இல்லை, வீட்டுக் குரல். "போகாதன்னு வாயால சொல்லி நிறுத்துறது வேற. கையக் கட்டி நிறுத்துறது வேற. அன்னிக்கு ரோட்டோரம் இவன உக்காரச் சொன்னாங்களே, அப்ப எல்லாரும் என்னா குதி குதிச்சோம்! இப்ப நாம என்னா செஞ்சிருக்கோம்? அவன் மொகத்தப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் மாமாவின் கையிலிருந்து கயிற்றை அவிழ்த்து, அப்பாவின் கையில் சுற்றினார். தடித்த மணிக்கட்டு, கயிறு போதாமல் முடிச்சு நுனியில் நின்றது. என் அப்பா எவ்வளவு பெரியவர் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. உடம்பைச் சொல்லவில்லை.

அம்மா அதற்குப் பிறகு அப்பாவிடம் பேசவில்லை. அவரும் வீட்டுப் பக்கம் வர முடியாது, பொட்டலில் போட்ட குடிசையில்தான் படுக்கை. நான்தான் இரண்டு பக்கமும் சோறும் சேதியும் சுமந்தேன். "ஒங்கப்பாகிட்ட சொல்லு, கம்பளி ரெண்டு எடுத்துக்கச் சொல்லி" என்பாள். கோபத்திலும் குளிரை மறக்க மாட்டாள்.

மாமா ஹட்டனுக்குப் போய், மறுநாள் மதியம் பொட்டலுக்கு வந்தார். நான் சோற்றுப் பாத்திரத்தோடு அங்கே இருந்தேன்.

"எடுத்துட்டாங்க மச்சான். ஓட்டத்துல நான்தான் முன்னுக்கு வந்தேன். கூத்து முடிஞ்ச காலையில மொத பஸ்சுக்கு வந்துறச் சொல்லிருக்காங்க. வரலைன்னா பேர வெட்டிருவாங்களாம்."

"சந்தோசமா மாப்ள?"

மாமா கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கினார். "ஓடறப்ப சந்தோசமா இருந்துச்சு. சட்டையக் கழட்டச் சொல்லி நெஞ்ச அளந்தாங்க, அப்ப பயமா இருந்துச்சு. வர்ற வழியில அக்காவ நெனைச்சா அழுகையா வந்துச்சு. எனக்குத் தெரியல மச்சான். நீங்க சொல்லுங்க. போன்னா போறேன். நில்லுன்னா நின்னுர்றேன். சத்தியமா, அதுக்கு மேல ஒரு பேச்சு பேச மாட்டேன்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கூத்து முடியட்டும்" என்றார்.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். "நில்லுன்னுதான் சொல்லுவாரு. வேற என்னா சொல்லப்போறாரு அந்த மனுசன்? ஊருக்கு முன்னால வீராப்பாப் பேசிட்டாரு, அதான் கூத்து முடியட்டுங்கிறாரு" என்றாள். கூத்து முடிந்த மதன் வாய் திறக்க முடியாது என்பது அந்தச் சந்தோசத்தில் அவளுக்கு உறைக்கவே இல்லை. எனக்கும் உறைக்கவில்லை. அன்று மாலை அப்பாவுக்காக அவளே தேங்காய்ப் பால் ஊற்றிக் கஞ்சி காய்ச்சினாள்.

கூத்துக்கு முந்தின நாள் அப்பாவின் மீசையை எடுத்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேலுதடு அத்தனை வெள்ளையாக, யாரோ ஒரு புது ஆள் மாதிரி. கிரீடம் செய்ய நாங்கள் பிள்ளைகள்தான் ஈயத்தாள் சேர்த்தோம். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுவார்களே, வெள்ளி நிறத்தில், நகத்தால் தேய்த்தால் கண்ணாடி போலாகுமே, அது. இப்போது பெட்டியும் இல்லை, அந்தத் தாளும் இல்லை, எல்லாம் காகிதச் சாக்குதான். உங்களில் யாரிடமாவது ஒரு துண்டு இருந்தால் எனக்குக் கொடுங்கள், கொள்ளை விலை கொடுக்கிறேன்.

கூத்து உங்களுக்குத் தெரியும், வளர்க்க மாட்டேன். முழுநிலாவுக்குக் கீழே ரதியும் மதனும் ஒவ்வொரு லயமாக ஆடி வந்தார்கள். அப்பாவைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் இரண்டாவது லயம் தாண்டும்போது சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். முகத்தில் முத்துவெள்ளை, தோளில் சரிகைத் துண்டு, தலையில் அந்த ஈயத்தாள் கிரீடம். தொப்பை குலுங்கத்தான் ஆடினார். ஆனால் ஒரு அடி தாளம் தப்பவில்லை. காதுக்கு மேலே கம்பளியை இழுத்துக்கொண்டு வருசா வருசம் படுத்திருந்த மனுசன் இத்தனை பாட்டையும் எப்போது கற்றுக்கொண்டார்? அம்மா என் காதில், "திருட்டு மனுசன், தூங்கவே இல்ல போல" என்றாள். அவள் குரலில் கோபம் போய்விட்டிருந்தது.

விடிகிற நேரம் சிவன் கண்ணைத் திறந்தார். கயிற்றில் ஓடி வந்த வாணம் வைக்கோல் பந்தலில் விழுந்து, ஒரே மூச்சில் மலை உச்சி வரைக்கும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் எதிர் மலையில் ஒவ்வொரு தேயிலைச் செடியும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்பா கரும்பு வில்லோடு அப்படியே பின்னால் சாய்ந்தார். வேஷம் என்று தெரியும். தெரிந்தும் என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். ரதி அழுதார், அம்மா அதைவிட அழுதாள், மாமா கூட்டத்தின் கடைசியில் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். தீ அடங்கும்போதுதான் அம்மா சட்டென்று அழுகையை நிறுத்தினாள். மூன்று நாள் பேசக் கூடாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

ஆற்றுப் பாலம்தான் நம் தோட்டத்து எல்லை. பஸ் நிற்பது பாலத்துக்கு அந்தப் பக்கம். மாமா தோளில் பையோடு பாலத்தடிக்கு வந்து நின்றார். அப்பா வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, பாதி கலைந்த அரிதாரத்தோடு, பாலத்தின் இந்த முனை வரைக்கும் வந்து நின்றார். பின்னால் பாதித் தோட்டம்.

"மச்சான், வாய் தொறக்க வேணாம். தலைய மட்டும் ஆட்டுங்க. போகவா, நிக்கவா?" என்றார் மாமா.

அப்பா அவரைப் பார்த்தபடியே நின்றார். தலை அசையவில்லை.

அம்மா அப்பாவின் துணியைப் பிடித்து உலுக்கினாள். "பேசுங்க. சாமி குத்தம் வந்தா எனக்கு வரட்டும், எம் மகளுக்கு வரட்டும். ஒங்க வாய்க்குத்தான் அவன் அடங்குவான். ஒரு வார்த்தைங்க. நில்லுன்னு ஒரு வார்த்தை!"

வாத்தியார் ஓடி வந்து, "ஆயி, அவர விட்ருங்க, தோட்டத்துக்கே ஆகாது" என்று அம்மாவை இழுத்தார். அப்பாவின் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். துரையையே நடுங்க வைத்த தொண்டை. கண்ணிலிருந்து வழிந்த நீர் முத்துவெள்ளையில் இரண்டு கோடு போட்டது. வாய் மூடியே இருந்தது. வளைவில் பஸ் ஹார்ன் அடித்தது.

மாமா குனிந்து அப்பாவின் காலைத் தொட்டார். பிறகு அம்மாவின் காலை. நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாகியிருந்தது. யாரையும் கேட்காத முகம். "நான் போறேன் அக்கா. நானாத்தான் போறேன். அவர ஒண்ணும் சொல்லாத" என்றார். திரும்பிப் பார்க்காமல் பாலத்தில் நடந்தார். அம்மா மடியில் வைத்திருந்த ரொட்டிப் பொட்டலம் கொடுக்காமலே இருந்தது. நான் அதைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவர் கையில் திணித்துவிட்டு, பஸ் மறைகிற வரைக்கும் கையை ஆட்டினேன்.

மாமா எத்தனையோ வருஷம் கழித்து, ஒரு காது கேட்காமல், உயிரோடு திரும்பி வந்தார். பாண்காரர் மகன் வரவில்லை. அப்பா அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார். நம் தோட்டத்தில் இன்றைக்கும் என்ன சொல்கிறார்கள்? தலைவர் மச்சினனைவிடத் தோட்டத்துக்கு மழைதான் பெரிசு என்று விரதத்தைக் காப்பாற்றினார் என்று. அந்த வருஷம் மழையும் நன்றாகப் பெய்தது. அம்மாவும் கடைசி வரைக்கும், "அன்னிக்கு அந்தச் சாமிதான் அவரு வாயக் கட்டிருச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

ஆனால் பஸ் போன பிறகு பாலத்தில் நடந்ததை இதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவைத் தாங்கிக்கொண்டு எல்லோரும் லயத்துப் பக்கம் ஏறிவிட்டார்கள். நான் பாலத்தைக் கடந்து திரும்பி வந்தபோது அப்பா மட்டும் அதே முனையில் நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, அவனுக்கு சீட்டுக் கெடைச்சிச்சா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கீழே ஆறு, மேலே கோயில், இரண்டுக்கும் நடுவில் செத்த மதன் பேசுகிறார். "அப்பா! நீங்க பேசக் கூடாது!" என்று கத்திவிட்டேன்.

"தெரியும். கெடைச்சிச்சா?"

"கெடைச்சிச்சு. ஜன்னல் பக்கம்."

"நல்லது" என்றார் அப்பா. பிறகு வாயை மூடிக்கொண்டு என்னோடு மேட்டில் ஏறினார்.